பாட்டு எழுப்பும் நினைவு
(திண்டுக்கல் சமவெளிச் சபைகளின் இசை வரலாற்றிலிருந்து சில சிந்தனைகள்)

முதியோரைச் சந்திக்கச் செல்லும் போதகர் யாவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. சிறுமலையின் அடிவாரத்தில் ஒரு சிற்றூர். திண்ணையை ஒட்டிய அறையில் கயிற்றுக் கட்டிலின்மேல் ஒரு மூதாட்டி. பெற்ற மகனைத் தம் தமையன் என்று அழைக்கிறார். உண்டதை உண்ணவில்லை என்கிறார். பிறந்த ஊரின் பெயரும் அவர் நாவில் வருவதில்லை. வேதவாசிப்பும் ஜெபமும் அவரைத் தொடாமலே சென்றுவிடுகின்றன. உடன் சென்றவருள் ஒருவர் பழைய கீர்த்தனை ஒன்றின் பல்லவியை எடுக்கிறார். மூதாட்டியின் உதடுகள் அசைகின்றன. அனுபல்லவியில் குரல் சேர்கிறது. சரணத்தில் நாம் தடுமாறும் அடியை அவரே எடுத்துத் தருகிறார். பாட்டு முடிந்ததும், "எங்கய்யா புகையிலைக் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சப் போகையில இதத்தான் பாடிக்கிட்டுப் போவாரு" என்கிறார். அறுபது ஆண்டுகளாக அவர் எவரிடமும் சொல்லியிராத செய்தி அது. மகனும் அன்றுதான் அதை முதன்முறையாகக் கேட்கிறார்.

இத்தகைய நிகழ்ச்சியைக் கண்டு வியந்து, வீடு திரும்பியதும் மறந்துவிடுதல் நம் வழக்கம். ஆயின் இதனுள் வரலாற்றுக் கேள்விகள் சில அடங்கியுள்ளன. அந்தப் பாட்டு அம்மூதாட்டியின் தந்தையின் நாவிற்கு எவ்வாறு வந்தது? வேறு எத்தனையோ பாட்டுகள் இருக்க அது மட்டும் நிலைத்ததேன்? பாட்டு எழுப்பும் நினைவு எப்போதும் இனியதுதானா? திண்டுக்கல் சமவெளியின் திருச்சபை வரலாற்றை முன்வைத்து இக்கேள்விகளைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நினைவின் வாயில்

பாட்டுக்கும் நினைவுக்கும் உள்ள உறவைத் திருமறை நன்கு அறிந்திருக்கிறது. உபாகமம் 31ஆம் அதிகாரத்தில் மோசே தம் மரணத்திற்கு முன்னர் ஒரு பாட்டை எழுதி மக்களுக்குக் கற்பிக்குமாறு பணிக்கப்படுகிறார். சட்ட நூல் எழுதி முடிக்கப்பெற்று, உடன்படிக்கைப் பெட்டியின் அருகில் வைக்கப்படுகிறது. எனினும் நூல் மட்டும் போதாது என்ற எண்ணம் அவ்வதிகாரத்தில் வெளிப்படையாகவே உள்ளது. நூல் பெட்டியருகே இருக்கும்; பாட்டோ சந்ததியாரின் வாயில் இருக்கும். மக்கள் வழிதவறிய காலத்தில், அவர்கள் விரும்பாவிடினும், அவர்கள் வாயிலிருந்தே அப்பாட்டு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பாட்டு எழுப்பும் நினைவு ஆறுதலாக மட்டுமன்றிக் குற்றச்சாட்டாகவும் அமையக்கூடும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் நலம்.

திருச்சபைத் தந்தையருள் இதனைத் தம் வாழ்விலேயே கண்டு எழுதிவைத்தவர் அகுஸ்தீன். கி.பி. 387ஆம் ஆண்டு ஓஸ்தியாத் துறைமுகத்தில் அவர் தாய் மோனிக்கா மறைந்தார். அடக்கத்தின்போது அகுஸ்தீன் அழவில்லை. அழுவது தகாது என்று தம்மை அடக்கிக்கொண்டார். துயரைக் கழுவலாமென எண்ணி நீராடினார், பயனில்லை. பின்னர் உறங்கி விழித்தபோது மிலான் நகர ஆயர் அம்புரோசின் மாலைப் பாட்டு ஒன்று அவர் உள்ளத்தில் எழுந்தது. அதன்பின் சிறிது சிறிதாகத் தாயின் நினைவு திரும்பிற்று; அடக்கிய கண்ணீரும் வழிந்தது. இதனைத் தம் அறிக்கை நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதிய அவர், பத்தாம் பகுதியில் நினைவைப் பரந்த வெளிகளுக்கும் மாளிகைகளுக்கும் ஒப்பிட்டு நீண்டதோர் ஆராய்ச்சி செய்கிறார். பாட்டின் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை அசைத்துவிடுகிறதோ என்ற ஐயத்தையும் அங்கேதான் வெளியிடுகிறார். பாட்டினால் தாயைத் திரும்பப் பெற்ற அவரே பாட்டைக் கண்டு அஞ்சவும் செய்தார்.

அண்மைக்கால மூளை ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜனாட்டா என்பவர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இளமையில் கேட்ட பாட்டு ஒருவருடைய சொந்த வாழ்வின் நினைவைத் தூண்டும்போது நெற்றிக்குப் பின்னே மூளையின் நடுப்பகுதி கிளர்ச்சியுறுவதைக் காட்டினார். அல்சைமர் என்னும் மறதி நோய் அப்பகுதியைச் சற்றுப் பிந்தியே தாக்குகிறது. செருமனியின் லைப்சிக் நகர ஆய்வாளர் 2015ஆம் ஆண்டில், நெடுநாள் பழகிய இசையைத் தாங்கும் மூளைப்பகுதிகள் அந்நோயிலும் ஓரளவு தப்பிநிற்கின்றன என்று கண்டனர். இங்கிலாந்தில் பாடகர் குழுவை நடத்திவந்த கிளைவ் வேரிங் என்பவர் 1985ஆம் ஆண்டு மூளையழற்சி நோயினால் தம் கடந்த காலத்தின் பெரும்பகுதியை மறந்தார். புதிய நினைவு சில நொடிகளுக்குமேல் தங்குவதில்லை. ஆயினும் பியானோவின் முன் அமர்த்தியபோது அவர் தடையின்றி வாசித்தார். பாடகர் குழுவையும் நடத்தினார்.

மேலும் ஒன்று. மனிதர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கையில் ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையுள்ள காலமே மிகுதியாக நினைவுக்கு வருகிறது என்று உளவியலார் கூறுவர். அவ்வயதில் பழகிய பாட்டே முதுமையில் வாயிலாக நிற்கிறது. எனவே ஒரு சபை தன் இளைஞருக்கு எப்பாட்டைக் கற்பிக்கிறது என்பது, அவர்கள் முதுமையில் எந்த வாயில் திறந்திருக்கும் என்பதையும் ஒருவாறு தீர்மானித்துவிடுகிறது.

2. திண்டுக்கல்லுக்குப் பாட்டு வந்த வழி

1985ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரையில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கிழக்கே சிறுமலையும் மேற்கே கொடைக்கானல் மலைகளும் நிற்க, இடையே விரிந்த வறண்ட சமவெளியில், திண்டு போன்ற தனிப்பாறையின் அடியில் அமைந்த ஊர் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனெரிமார் 1834ஆம் ஆண்டு மதுரையில் பணி தொடங்கினர். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தனர். பின்னர் வத்தலக்குண்டு போன்ற ஊர்களிலும் நிலையங்கள் எழுந்தன.

அந்நாட்களில் சீர்திருத்த சபையார் ஆராதனையில் பாடியவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பியப் பாட்டுகளின் மொழிபெயர்ப்புகளே. தரங்கம்பாடி மரபில் செருமானியப் பாட்டுகள் பல தமிழாக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பப்ரிசியுஸ் ஐயரின் ஞானப்பாட்டுகள் சிறந்தவை, இன்றும் பாடப்பெறுபவை. அவற்றைக் குறைத்துக் கூறுவது நம் கருத்தன்று. ஆயினும் அந்நிய மெட்டில் தமிழ்ச் சொல்லை அமைப்பதில் ஓர் இடர் உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே வேறாக்குவன. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து நிற்குமாயின் பாடுவோர் அதனை நீட்டுவர். 'கல்' என்றது 'கால்' என்று ஒலிக்கும். 'படு' என்றது 'பாடு' ஆகிவிடும். எழுத்தறிந்தவர் புத்தகத்தைப் பார்த்துப் பொருளைச் சரிசெய்துகொள்வர். எழுத்தறியாதவர் என் செய்வர்? கேட்டதைத்தானே அவர் மனத்தில் வைக்க முடியும்? பொருள் குலைந்த ஒலி எளிதில் மனத்தில் தங்குவதில்லை.

இவ்விடரைத் தீர்க்க வழி தேடியவர் எட்வர்டு வெப் ஐயர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்து திண்டுக்கல் நிலையத்திலும் பணியாற்றிய இவர், தஞ்சைக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை நாடினார். அப்பாடல்களைப் பெருவாரியாகக் கொண்ட கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பை 1853ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இரண்டாம் சரபோசி மன்னருக்கு இளமைத் தோழராய் வளர்ந்தவர். தொகுப்பு வெளிவந்தபோது எண்பது வயதை நெருங்கியிருந்தார். 1864ஆம் ஆண்டில் மறைந்தார். வெப் தொடங்கிய பணியை வத்தலக்குண்டிலும் பின்னர்ப் பசுமலையிலும் இருந்த வாஷ்பர்ன் ஐயர் தொடர்ந்து நடத்தித் தொகுப்பை விரிவாக்கினார். இன்று சபைகள் கைக்கொண்டிருக்கும் கீர்த்தனை நூலின் தொடக்கத்தை இங்கேதான் காண்கிறோம்.

கீர்த்தனையின் அமைப்பே நினைவுக்கு உதவுவதாகும். பல்லவி ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் திரும்பி வருகிறது. மறந்தவர் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம். எதுகை, ஓர் அடியின் முடிவில் நிற்பவரை அடுத்த அடியின் தொடக்கத்திற்குக் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. மோனை அதற்குத் துணைபுரிகிறது. தாளம் சொல்லைத் தாங்கிநிற்கிறது. எந்தச் சொல் எந்தத் தட்டில் விழும் என்பதை உடலே அறிந்துவைத்துக்கொள்கிறது. அச்சிட்ட நூலில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் பெயரளவில் குறிக்கப்பட்டிருக்கும். மெட்டோ வாயிலிருந்து வாய்க்கே சென்றாக வேண்டும். உபதேசியார் பாடுவார், சபையார் திருப்பிப் பாடுவர், ஏற்றம் இறைக்கும் இடத்திலும் களை எடுக்கும் இடத்திலும் பாட்டு தொடரும். இவ்வாறு கற்ற பாட்டுக்குப் புத்தகம் வேண்டுவதில்லை. நாம் தொடக்கத்திற் கண்ட மூதாட்டியின் தந்தை எழுத்தறியாதவராகவே இருந்திருக்கலாம். அவர் வாய்க்காலோரம் பாடிச் சென்ற பாட்டு இந்த வழியாகவே அவரிடம் வந்தது.

3. மெட்டுக்குள் உறங்கிய நினைவு

கீர்த்தனை விரைவில் பரவியதற்கு அதன் அமைப்பு மட்டும் காரணமன்று. அந்த மெட்டுகள் கேட்போருக்குப் புதியன அல்ல என்பதும் காரணமாகும். கோயில் திருவிழாவிலும், பஜனையிலும், தெருக்கூத்திலும் கேட்டுப் பழகிய இராகங்களே அவை. சாஸ்திரியாரும் நாட்டில் வழங்கிய வடிவங்களை ஒதுக்கினாரல்லர். தஞ்சை அரசவையில் சிறப்புற்றிருந்த குறவஞ்சியை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார்.

இதுவே ஐரோப்பிய மிஷனெரிமார் பலருக்கு அச்சத்தையும் விளைத்தது. திருமுழுக்குப் பெற்று வந்தவர் தம் பழைய வாழ்வை விட்டு வந்தவர். அவர் கேட்கும் மெட்டு அந்தப் பழைய வாழ்வின் நினைவுகளை எழுப்பிவிடாதா? பாடுவோர் வாயில் இயேசுவின் பெயர் இருக்க, உள்ளத்தில் தேர்த்திருவிழா இருந்துவிடாதா? இவ்வையம் அறியாமையால் எழுந்ததன்று. பாட்டின் ஆற்றலை அவர்கள் சரியாகவே கணித்தார்கள்; அகுஸ்தீன் கொண்ட அச்சமும் இதற்கு அயலானதன்று. ஆனால் அதிலிருந்து பிறழ்ந்த முடிவுக்கு வந்தார்கள். நினைவு எழக்கூடாதென்று மெட்டை விலக்கினால், மனிதனில் பாதியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு மறுபாதியை மட்டும் ஆராதனைக்கு அழைக்க நேரிடும். தாய் தந்தையர், தாலாட்டு, அறுவடை, ஊர்த்தெரு யாவும் மெட்டோடு பின்னிக் கிடப்பவை. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு வருபவருக்கு ஆறுதல் சொல்ல எந்த மொழி எஞ்சும்?

வெப் இதனை உணர்ந்தார் என்றே கொள்ளலாம். பழைய மெட்டு பழைய நினைவை எழுப்பட்டும். எழுந்த நினைவுக்குப் புதுப்பொருள் கிடைக்கட்டும் என்பதே கீர்த்தனைத் தொகுப்பின் பின்னே நாம் காணும் துணிவு. காலப்போக்கில் நிகழ்ந்ததும் அதுவே. இரண்டு தலைமுறை கடந்தபின் அம்மெட்டுகள் கிறிஸ்தவ வீட்டின் நினைவுகளாகவே மாறின. மூதாட்டிக்கு அந்த இராகம் தந்தையையும் புகையிலைக் காட்டையும் தருகிறது. கோயில் தேரை அன்று.

4. பாட்டும் பந்தியும்

வரலாற்றை இத்துடன் நிறுத்தினால் இனிதாக இருக்கும், ஆனால் முழுமையாகாது. கீர்த்தனை தன்னுடன் வேறொரு நினைவையும் சுமந்து வந்தது. அது சாதியின் நினைவு.

1829ஆம் ஆண்டையொட்டித் தஞ்சைச் சபையில் பெரும் பூசல் எழுந்தது. புதிதாக வந்த மிஷனெரிமார் செய்த மாற்றங்களை எதிர்த்து வேதநாயக சாஸ்திரியார் எழுதினார். வேதமொழிபெயர்ப்பை மாற்றியதும், திருவிருந்தில் சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னதும், விழாக்களில் பூவை விலக்கியதும், ஆராதனையிலிருந்து தமிழிசையை நீக்கியதும் அவர் கண்ட நான்கு கொடுமைகள். இவற்றுள் தமிழிசையைக் குறித்து அவர் சொன்னது சரியே என்று இன்று நாம் அனைவரும் ஒப்புவோம். ஒரே கிண்ணத்தைப் பலரும் பகிர்வதை எதிர்த்து அவர் சொன்னதை ஒப்பமாட்டோம். அவருக்கோ இரண்டும் ஒரே முறையீட்டின் பகுதிகளாக இருந்தன. தம் முன்னோர் வழிவந்த இசையும் தம் முன்னோர் வழிவந்த வரிசையும் அவருடைய நினைவில் பிரிந்திருக்கவில்லை.

மதுரை மிஷன் இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்றது. 1847ஆம் ஆண்டில் அது சாதியை விட்டொழியாதோர் சபையின் உறுப்பினராக இருத்தல் ஆகாது என்று வற்புறுத்தியது. எல்லாரும் உடன் அமர்ந்து உண்பதை அதற்குச் சோதனையாக வைத்தது. உண்ண மறுத்தவர் பலர் விலக்கப்பட்டனர். விலக்கப்பட்டவருள் உபதேசிமாரும் இருந்தனர். ஆறு ஆண்டுகள் கழித்து அதே மிஷனைச் சேர்ந்த வெப், அந்தத் தஞ்சைக் கவிராயரின் பாடல்களை அச்சேற்றுகிறார்.

இதனை முரண்பாடு எனலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. பாட்டு பாடியவனை விட்டுப் புறப்படும் தன்மையது. தஞ்சையில் உயர்ந்தோர் வீட்டு முற்றத்தில் பிறந்த பாடல், திண்டுக்கல் சமவெளியில் நிலமற்றோர் குடியிருந்த தெருக்களில் பாடப்பட்டது. தம்முடன் பந்தியமரக் கவிராயர் இசைந்திருப்பாரோ என்று ஐயுறத்தக்கவர்களே அவர் பாட்டை மனப்பாடம் செய்து, தம் பிள்ளைகளைத் தாலாட்டி, தம் முதியோரை அடக்கம் செய்தார்கள். சபையில் அப்பாட்டுக்கு உரியவர் அவர்களே என்று சொல்வதில் தவறில்லை. ஆயினும் வேறொரு கேள்வி எஞ்சுகிறது. கவிராயரின் இசை அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களுடைய சொந்த இசை எங்கே போயிற்று?

5. விலக்கப்பட்ட தோற்கருவி

சமவெளிச் சிற்றூர்களில் பறையின் ஒலி கேட்டால் முதலில் எழும் கேள்வி, யார் இறந்தார் என்பது. சாவை அறிவித்தலும் பிணத்தின் முன் அடித்துச் செல்லுதலும் ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. எனவே ஒரே ஒலி இருவகை நினைவுகளை எழுப்பிற்று. ஊர்த்தெருவில் வாழ்ந்தவருக்கு அது துக்கத்தின் நினைவு. அடித்தவரின் பிள்ளைகளுக்கோ அது தந்தை கூலியின்றியும் மரியாதையின்றியும் நின்ற நினைவு. திருச்சபைக்கு வந்தவர் அக்கருவியைக் கீழே வைத்துவிட்டு வந்ததில் வியப்பில்லை. அதனைத் தொடுவதில்லை என்பதே விடுதலையின் அடையாளமாகப் பலருக்கு இருந்தது. சபையும் அவர்களுக்குக் கீர்த்தனையையும் ஆர்மோனியத்தையும் தந்தது. பறையைக் குறித்து ஒன்றும் பேசவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இந்த மௌனம் கலைக்கப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940-2005), 'பரட்டை அண்ணன்' என்ற பெயரால் மாணவரும் சிற்றூர் மக்களும் அறிந்தவர். கருநாடக இசை வழிவந்த கீர்த்தனை ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை முழுவதும் பேசாது என்று அவர் வாதிட்டார். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் பாட்டுகளையும் வழிபாட்டையும் அமைத்தார். தாம் அமைத்த பாட்டை மக்கள் தமக்கேற்ப மாற்றிப் பாடுவதை அவர் விரும்பினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்துண்ணும் பந்தி அவர் இறையியலின் நடுவே இருந்தது. 1847ஆம் ஆண்டில் சோதனையாக வைக்கப்பட்ட பந்தி, ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பாட்டாகத் திரும்பி வந்ததெனலாம். அவருடைய பணியை அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் 2014ஆம் ஆண்டில் விரிவான நூலாக எழுதியிருக்கிறார்.

திண்டுக்கல்லிலேயே இதற்கு இணையானதொரு முயற்சி தோன்றிற்று. சகோதரி சந்திரா முன்னின்று நடத்திய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளம்பெண்களுக்குப் பறையடிக்கக் கற்பித்தது. ஆண்கள், அதுவும் கட்டாயத்தின்பேரில், அடித்துவந்த கருவி அது. அதனைப் பெண்கள் தோளில் மாட்டி, அடவு கட்டி, தலைநிமிர்ந்து அரங்கில் ஆடினர்.

இதனால் பழைய நினைவு அழிந்துவிடுவதில்லை. பறையின் ஒலி இன்றும் முதியோர் சிலரைக் கூசச் செய்கிறது. அக்கூச்சத்தை நாம் மதிக்க வேண்டும். பறையை மீட்க வேண்டும் என்போரும், அதைத் தொடவே கூடாது என்போரும் ஒரே துன்பத்திலிருந்துதான் பேசுகின்றனர். ஆனால் ஓர் ஒலியோடு இணைந்த நினைவு மாறவே முடியாத ஒன்றன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கோயில் மெட்டு இரண்டு தலைமுறையில் தந்தையின் நினைவாயிற்று. இன்று பறை கற்கும் சிறுமிக்கு எழுபது வயதாகும்போது, அவ்வொலி அவள் உள்ளத்தில் பிணத்தை எழுப்பாது. தோழியரையும் கைதட்டலையும் எழுப்பும்.

6. ஒப்பாரியின் பாடம்

நம் ஊர்ப்பெண்கள் இவ்வுண்மையை ஆய்வாளருக்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். சாவு வீட்டில் ஒப்பாரி சொல்ல அமரும் பெண், இறந்தவரைச் சிறிதே அறிந்தவளாக இருக்கலாம். மெட்டு எழும்பியதும் அவள் அழுவது தன் தாய்க்காக, தன் மறைந்த குழந்தைக்காக, தான் விட்டுவந்த பிறந்தவீட்டுக்காக. கட்டிப்பிடித்து அமர்ந்திருக்கும் மற்றப் பெண்களும் அவ்வாறே தத்தம் துயரை அழுகின்றனர். இதனைப் பொய்யழுகை என்று எவரும் இகழ்வதில்லை. ஒருவர் வீட்டுத் துக்கம் ஊர்ப்பெண்கள் அனைவருடைய நினைவுக்கும் வாயிலாகிறது.

நம் சபைகளோ ஒப்பாரியை நம்பிக்கையற்றோரின் அழுகை என்று விலக்கி, அடக்க ஆராதனையில் நம்பிக்கைப் பாட்டுகளை மட்டும் வைத்தன. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை நம்முடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் அம்புரோசின் பாட்டு எழுந்த பின்னரே அகுஸ்தீனால் அழ முடிந்தது என்பதையும், அழுத பின்னரே அவர் இளைப்பாறினார் என்பதையும் நாம் மறக்கலாகாது. அழவைக்கும் பாட்டும் அருளின் கருவியே.

7. நம் கையில் உள்ளது

இனி, நாம் தொடங்கிய கயிற்றுக் கட்டிலுக்குத் திரும்புவோம். மருத்துவம் வளர்ந்து ஆயுள் நீண்டிருக்கிறது. மறதி நோயுற்ற முதியோர் நம் சபைகளில் பெருகி வருகின்றனர். பிள்ளைகள் திருப்பூரிலோ, சென்னையிலோ, வெளிநாட்டிலோ இருக்க, இவர்கள் சிற்றூர்களில் தனித்திருக்கின்றனர். இவர்களைச் சந்திக்கச் செல்வோர் என்ன கொண்டுசெல்ல வேண்டும்?

முதலாவது, சரியான பாட்டு. நமக்கு இன்று பிடித்த பாட்டன்று. அவர் இருபது வயதில் பாடிய பாட்டு. அது எதுவென்பதை அவர் உறவினரிடமும் ஒத்த வயதினரிடமும் நாம் கேட்டறிதல் வேண்டும். நினைவு நன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு முதியோரிடமும் அவர்தம் பாட்டுகளையும், அவற்றோடு இணைந்த செய்திகளையும் கேட்டு எழுதிவைத்தல் சாலச் சிறந்தது. நம் சபைப் பதிவேடுகளில் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் உண்டு. எவர் எந்தப் பாட்டைப் பாடினார் என்பது எங்கும் இல்லை.

இரண்டாவது, பொறுமை. எழும் நினைவு இனியதாகவே இருக்கும் என்று நாம் உறுதிகூற இயலாது. பாட்டைக் கேட்டு ஒருவர் சிரிக்கலாம். மற்றொருவர், கோயிலின் பின்வரிசையில் அமரவைக்கப்பட்ட நாளை நினைத்துக் கலங்கலாம். எந்த நினைவு எழும் என்று நாம் தெரிந்தெடுக்க முடியாது, எழுந்ததைக் கேட்கலாம். மோசேயின் பாட்டைப் போல், சபைக்கு எதிரான சாட்சியாகவே அது வந்தாலும், அதற்குச் செவிகொடுப்பது நம் கடமை.

மூன்றாவது, நம் இளைஞரைப் பற்றியது. இன்று ஆண்டுதோறும் புதிய பாட்டுகள் வருகின்றன. ஒன்றைக் கற்றுக்கொள்ளும் முன்னர் அடுத்தது வந்துவிடுகிறது. திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பாடுகிறோம். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. புதிய பாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெப்பின் தொகுப்பும் ஒருநாள் புதியதாகவே வந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் பாடாத பாட்டு எவருடைய நினைவுக்கும் வாயிலாக முடியாது. ஞானப்பாட்டோ, கீர்த்தனையோ, பரட்டை அண்ணனின் நாட்டுப்புறப் பாட்டோ, இன்று எழுதப்பட்டதோ, ஏதாயினும் ஆகுக. சில பாட்டுகளையேனும் புத்தகமும் திரையும் இன்றிப் பாடும் அளவுக்கு நம் பிள்ளைகள் பழகியிருக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அவர்களுள் ஒருவர் கட்டிலில் கிடப்பார். தம் பெயரும் அவருக்கு நினைவிராது. யாரோ ஒருவர் வந்து அருகில் அமர்ந்து ஒரு பல்லவியை எடுப்பார். அப்போது அவர் உதடு அசையுமா, அசையாதா என்பது இந்த ஞாயிற்றுக்கிழமை நாம் பாடுவதைப் பொறுத்தது.